படகு எஞ்சினின் பெல்ட் ஏன் அடிக்கடி தளர்கிறது?

எஞ்சினைக் கிளப்பியதும் 'கீ…' என்று ஒரு கிறீச்சல். "பெல்ட் லூஸ், கொஞ்சம் இழுத்து வை" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். இழுத்து வைத்ததும் சத்தம் அடங்கிவிடும். பத்து நாளில் திரும்ப வரும், திரும்ப இழுப்பார்கள். நாலு தடவை இப்படி ஆனபின் ஆல்டர்னேட்டரின் பேரிங் போகும், இல்லாவிட்டால் தண்ணீர் பம்பு ஒழுகும். பழியும் பம்பின் தலையில்தான் விழும்.

'பெல்ட் லூஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது ஆறு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குத்தான் இறுக்குவது மருந்து. மற்றவற்றில் இறுக்கினால் சத்தம் மறையும், கோளாறு வளரும். எது எது என்று பிரித்தறிய, பெல்ட் எப்படிப் பிடிக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அது கடினமான விஷயமில்லை.

எந்தப் பெல்ட்?

விசைப்படகின் டீசல் எஞ்சினில் முன்பக்கம், கிராங்க் ஷாஃப்டின் முனையில் ஒரு பெரிய புல்லி இருக்கும். அதிலிருந்து ஒன்றோ இரண்டோ பெல்ட் கிளம்பி மற்ற புல்லிகளைச் சுற்றும். பலர் இதை இன்னும் 'ஃபேன் பெல்ட்' என்றுதான் சொல்கிறார்கள். லாரி எஞ்சினில் ரேடியேட்டருக்குப் பின்னால் விசிறி உண்டு. படகில் சூட்டைக் கடல்நீர் கொண்டுபோவதால் விசிறிக்கு வேலையே இல்லை. பெயர் மட்டும் லாரியிலிருந்து இறங்கி வந்துவிட்டது.

படகில் இந்தப் பெல்ட் இரண்டு முக்கிய வேலைகளைச் செய்கிறது. ஒன்று, எஞ்சினுக்குள் நன்னீரைச் சுற்றவிடும் பம்பை ஓட்டுவது. இரண்டு, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை, அதாவது துறைமுகத்தில் எல்லாரும் 'டைனமோ' என்று சொல்வதை ஓட்டுவது. சில எஞ்சின்களில் கடல்நீரை உள்ளே இழுக்கும் பம்பும் பெல்ட்டில்தான் ஓடும். வேறு சிலவற்றில் அது கியரில் ஓடும். உங்கள் எஞ்சினில் எப்படி என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் என்னென்ன நிற்கும் என்பது அதைப் பொறுத்தது.

வால்வுகளின் நேரத்தை ஒழுங்குபடுத்த, பல் வைத்த 'டைமிங் பெல்ட்' என்று ஒன்று சில சிறிய எஞ்சின்களில், மூடிக்குள் இருக்கும். அது வேறு ஜாதி. இங்கே சொல்லும் எதையும் அதில் செய்து பார்க்கக் கூடாது.

கயிறும் ஆப்பும்

படகைத் துறையில் கட்டும்போது கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, வால்முனையை ஒரு கையால் பிடித்தாலே போதும். பல டன் படகு இழுத்தாலும் கயிறு நழுவாது. பிடித்து வைப்பது கையின் பலம் அல்ல, கயிறுக்கும் தூணுக்கும் இடையிலான உராய்வு. ஆனால் வால்முனையை முழுதாக விட்டுவிட்டால் அந்த உராய்வும் போய்விடும், கயிறு சரசரவென்று ஓடும். பின்னால் கொஞ்சம் இழுவை இருந்தால்தான் முன்னால் பெரிய பிடி கிடைக்கும். பெல்ட்டின் ரகசியத்தில் பாதி இதுதான்.

மீதிப் பாதி ஆப்பு. பழைய அரிசி மில்லில் ஓடிய அகலமான தட்டைப் பெல்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அது புல்லியின் மேல் வெறுமனே படுத்திருக்கும். படகு எஞ்சினில் இருப்பது 'வி பெல்ட்'. குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும். புல்லியின் பள்ளமும் அதே வடிவம்தான். பெல்ட்டை இழுத்தால் அது மரத்தில் ஆப்பு இறங்குவதுபோலப் பள்ளத்துக்குள் இறங்கி, இரண்டு பக்கச் சுவர்களையும் நெருக்கும். அதே இழுவைக்குத் தட்டைப் பெல்ட்டைவிடச் சுமார் மூன்று மடங்கு பிடிமானம் இப்படிக் கிடைக்கிறது.

எனவே வி பெல்ட் பிடிப்பது அதன் பக்கவாட்டால்தான். அடிப்பாகம் பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. தொட்டுவிட்டால் ஆப்பு ஆப்பாக இருக்காது, எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இறுகிய பக்கம், தளர்ந்த பக்கம்

ஓடும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் ஒரே இழுவையில் இருப்பதில்லை. கிராங்க் புல்லி தன் பக்கம் இழுக்கும் பாதி இறுகியிருக்கும், திரும்பிப் போகும் பாதி தளர்ந்திருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 24 வோல்ட் படகில் ஆல்டர்னேட்டர் 28 வோல்ட்டில் 30 ஆம்பியர் தருகிறது என்றால், வெளியே வருவது 840 வாட். ஆல்டர்னேட்டர் உள்ளே வாங்குவதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் மின்சாரமாக வெளியே வரும், மீதி சூடாகப் போய்விடும். ஆகவே பெல்ட் கொடுக்க வேண்டியது சுமார் 1,400 வாட், கிட்டத்தட்ட இரண்டு குதிரைத்திறன். ஆல்டர்னேட்டர் புல்லியின் விட்டம் 70 மி.மீ., அது நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்றால் பெல்ட் விநாடிக்கு 11 மீட்டர் ஓடும். கணக்குப்படி வரும் இழுவை வித்தியாசம் சுமார் 13 கிலோ. சுலபத்துக்கு 14 என்று வைத்துக்கொள்வோம்.

வி பெல்ட்டுக்கு நடைமுறையில் எடுத்துக்கொள்ளும் விகிதம் ஐந்துக்கு ஒன்று. இறுகிய பக்கம் தளர்ந்த பக்கத்தைப்போல ஐந்து மடங்குவரை இழுக்கலாம், அதைத் தாண்டினால் வழுக்கும். 14 கிலோ வித்தியாசம் வேண்டுமென்றால் ஒரு பக்கம் 17.5 கிலோ, மறுபக்கம் 3.5 கிலோ. கூட்டினால் 21. நீங்கள் போல்ட்டைத் தளர்த்தி ஆல்டர்னேட்டரை இழுத்து வைக்கும்போது உண்மையில் நிர்ணயிப்பது இந்தக் கூட்டுத்தொகையைத்தான். அது 15 ஆகக் குறைந்தால் பெல்ட்டால் கொடுக்க முடிந்த அதிகபட்ச வித்தியாசம் 10 கிலோ. கேட்பதோ 14. கிறீச்சல் அங்கேதான் பிறக்கிறது.

கிளப்பியவுடன் சத்தம் ஏன் அதிகம் என்பதும் இதிலேயே விளங்கும். ஸ்டார்ட்டர் இழுத்துக் களைத்த பேட்டரி அந்த நேரத்தில் நிறைய ஆம்பியர் கேட்கும், எஞ்சினோ மெதுவாக ஓடும். அதே மின்சாரத்தைப் பாதி வேகத்தில் கேட்டால் பெல்ட்டின் இழுவை இரட்டிப்பாக வேண்டும். ஐந்து நிமிடத்தில் பேட்டரி நிரம்பத் தொடங்கியதும் சத்தம் தானாக அடங்கும். அடங்கியதால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

வழுக்குவது பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் புல்லியில்தான். அது எல்லாவற்றிலும் சிறியது, பெல்ட் அதைத் தழுவும் நீளமும் குறைவு. தூணில் இரண்டு சுற்றுக்குப் பதில் அரைச்சுற்று போட்ட கயிறு மாதிரி.

இதுவரை: பெல்ட் பக்கவாட்டால் பிடிக்கிறது. தளர்ந்த பக்கத்திலும் கொஞ்சம் இழுவை மிச்சமிருந்தால்தான் அந்தப் பிடி நிற்கும். சுமை கூடினாலோ இழுவை குறைந்தாலோ சின்னப் புல்லியில் வழுக்கத் தொடங்கும்.

நீள்வதைவிட மெலிவதே அதிகம்

'பெல்ட் நீண்டுபோச்சு' என்பதுதான் பரவலான நம்பிக்கை. புதுப் பெல்ட் முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் நீளும், பள்ளத்திலும் படிந்து உட்காரும். அது உண்மை. ஆனால் பெல்ட்டுக்குள் ஓடும் நூல்கள் பெரும்பாலும் பாலியெஸ்டர். அவை வாரத்துக்கு வாரம் நீண்டுகொண்டே போகாது.

நடப்பது வேறு. பக்கவாட்டு ரப்பர் தேய்கிறது. ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர் தேய்ந்தால் பெல்ட் பள்ளத்துக்குள் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கீழே இறங்கும். எல்லாப் புல்லியிலும் இப்படி இறங்குவதால் சுற்றுப்பாதை சுருங்கிவிடும். மொத்தத்தில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் நீளம் மிச்சமாகி நிற்கும். தளர்ந்துவிட்டது என்று நாம் பார்ப்பது இந்த மிச்சத்தைத்தான்.

வழுக்கினால் சூடு, சூட்டில் ரப்பர் இறுகிக் கண்ணாடிபோல் பளபளக்கும், பளபளத்த ரப்பர் இன்னும் வழுக்கும். இந்த வட்டத்துக்குள் விழுந்த பெல்ட்டை இறுக்கிக் காப்பாற்ற முடியாது. பக்கவாட்டில் பளபளப்பு தெரிந்தால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது மாட்டுவதே சிக்கனம்.

இறுக்கியும் நிற்காவிட்டால்

ஒரு பெல்ட் மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் இறுக்கச் சொல்லிக் கேட்டால், எதுவோ அதைத் தின்றுகொண்டிருக்கிறது. எது என்று தேடுங்கள்.

முதலில் புல்லியின் பள்ளத்தைப் பாருங்கள். கடலில் இதுதான் முதல் சந்தேகம். கடல்நீர்ப் பம்பின் சீலில் ஒரு சொட்டு ஒழுகினாலும், சுற்றும் புல்லி அதை எஞ்சின் முன்பக்கம் முழுக்கத் தெளித்துவிடும். உப்பு பட்ட இரும்பு பொரிந்து, பள்ளத்தின் சுவர் உப்புத்தாள் ஆகிவிடும். அதில் எந்தப் புதுப் பெல்ட்டும் நிற்காது. எஞ்சின் முன்னால் கறுப்புப் பொடி படிந்திருந்தால் அது தேய்ந்த ரப்பர். லேசான துருவை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கலாம். குழி விழுந்திருந்தால் புல்லியை மாற்ற வேண்டும். ஒழுகும் பம்பைச் சரிசெய்யாமல் புல்லியை மட்டும் மாற்றினால் காசு தண்டம்.

துரு இல்லாமலும் பள்ளம் தேயும். நேராக இருக்க வேண்டிய சுவர், சாப்பாட்டுத் தட்டுபோல உள்வாங்கிவிடும். ஒரு சிறிய எஃகு ஸ்கேலைச் சுவரோடு ஒட்டி வைத்து, இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். இடைவெளி 0.8 மி.மீ.யைத் தாண்டினால் புல்லியின் காலம் முடிந்தது. பள்ளத்தின் அடித்தரை பளபளவென்று மின்னினாலும் அதே முடிவுதான். பெல்ட் தரையைத் தொட்டிருக்கிறது, ஆப்பு போய்விட்டது. நல்ல புல்லியில் புதுப் பெல்ட்டின் மேல்முகம் விளிம்போடு சமமாகவோ, மயிரிழை உயர்ந்தோ நிற்கும்.

அடுத்தது நேர்கோடு. எல்லாப் புல்லியும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால் பெல்ட் சாய்ந்து நுழைந்து ஒரு பக்கமாகத் தேயும். நீண்ட கிறீச்சலுக்குப் பதிலாகக் குருவி கத்துவதுபோல 'கீச் கீச்' என்று விட்டுவிட்டு வந்தால் இதை நினையுங்கள். நேரான சட்டம் ஒன்றைக் கிராங்க் புல்லியின் முகத்தில் ஒட்டி வைத்து மற்றதைப் பாருங்கள். விளிம்புகளின் தடிமன் வேறாக இருந்தால் பள்ளத்தின் நடுவிலிருந்து அளக்க வேண்டும். 300 மி.மீ. தூரத்துக்கு இரண்டரை மி.மீ. விலகல்தான் எல்லை. ஆல்டர்னேட்டரை மாற்றியபோது ஒரு வாஷரை விட்டுவிட்டதால் வரும் கோளாறாகவே இது பல நேரம் இருக்கும்.

மூன்றாவது, பெல்ட்டே தப்பான அளவு. 'ஏ' வகை 13 மி.மீ. அகலம், 'பி' வகை 17 மி.மீ. 'பி 44' என்றால் உட்சுற்று 44 அங்குலம். 'பி' பள்ளத்தில் 'ஏ' பெல்ட்டைப் போட்டால் அது உள்ளே விழுந்து கிடக்கும். நீளம் சரியாக இருக்கிறதே என்று கடையில் கொடுப்பார்கள், மாட்டவும் மாட்டலாம். பிடிக்காது.

நான்காவது, சுமை. எக்கோ சவுண்டர், வயர்லெஸ், இன்வெர்ட்டர், கூடுதல் விளக்குகள் என்று ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டு, மின்சாரம் போதவில்லை என்று பெரிய ஆல்டர்னேட்டரையும் மாட்டியிருப்பார்கள். பெல்ட் மட்டும் பழைய ஒற்றைப் பெல்ட். மேலே போட்ட கணக்கை அந்த ஆம்பியருக்குத் திரும்பப் போட்டுப் பாருங்கள். இதற்கு இரட்டைப் பள்ளப் புல்லிதான் வழி. இரட்டைப் பெல்ட்டில் ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் சேர்ந்தால் புதியது மட்டும் முழுச் சுமையையும் சுமக்கும்.

ஐந்தாவது, இறுகிப்போன பேரிங். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். கரகரத்தாலோ, முன்னும் பின்னும் ஆடினாலோ குற்றவாளி அதுதான். ஆல்டர்னேட்டரைத் தாங்கும் இரும்புக் கை விரிசல் விட்டிருந்தாலும், போல்ட் துளை நீள்வட்டமாகியிருந்தாலும், இறுக்கியது எஞ்சின் அதிர்வில் அன்றைக்கே நழுவிவிடும்.

எண்ணெயும் டீசலும் பட்ட பெல்ட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஊறி உப்பிய ரப்பர் திரும்பாது. ஒழுகலை அடைத்துவிட்டு மாற்றிவிடுங்கள்.

கிறீச்சல் இல்லாமலும் வழுக்கும்

எஞ்சின் அறைச் சத்தத்தில் கிறீச்சல் காதில் விழாமலே போகலாம். வேறு அடையாளங்கள் உண்டு. பல படகுகளில் சுற்றுவேக மீட்டர் ஆல்டர்னேட்டரிலிருந்துதான் தகவல் எடுக்கிறது. எஞ்சின் ஒரே சீராக ஓடும்போது முள் மட்டும் குதித்தால், அல்லது விளக்குகளைப் போட்டதும் முள் இறங்கினால், பெல்ட் வழுக்குகிறது. வெப்பமானி மெல்ல மெல்ல வழக்கமான அளவைத் தாண்டி ஏறுவது, பேட்டரி காலையில் களைத்திருப்பது, ஆல்டர்னேட்டர் புல்லியின் உலோகம் நீலம் பாய்ந்திருப்பது, எல்லாம் இதே கதைதான்.

எஞ்சினை நிறுத்தியபின், பெல்ட் மாட்டியபடியே ஆல்டர்னேட்டர் புல்லியைக் கையால் திருகிப் பாருங்கள். பெல்ட் நகராமல் புல்லி மட்டும் வழுக்கித் திரும்பினால் வேறு சோதனையே வேண்டாம்.

சரியாக இறுக்குவது

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதன்பின் பேட்டரியின் மெயின் சுவிட்சை அணையுங்கள். ஆல்டர்னேட்டரின் தடித்த வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும், ஸ்பேனர் அதையும் எஞ்சின் இரும்பையும் சேர்த்துத் தொட்டால் தீப்பொறி பறக்கும். வரிசை முக்கியம். எஞ்சின் ஓடும்போது மெயின் சுவிட்சை அணைத்தால் ஆல்டர்னேட்டரின் டையோடு எரிந்துபோகும்.

ஆல்டர்னேட்டரைப் பிடிப்பவை இரண்டு. கீழே அது தொங்கித் திரும்பும் போல்ட், மேலே வளைந்த பட்டையில் நகரும் போல்ட். மேலுள்ளதை மட்டும் தளர்த்திவிட்டு நெம்புவதுதான் வழக்கமான தவறு. கீழ்ப் போல்ட்டையும் அரைச்சுற்று தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் நெம்பும் விசையெல்லாம் தாங்கியை வளைப்பதில் போகும்.

நெம்புவதற்குக் கடப்பாரை வேண்டாம். சுத்தியலின் மரக் கைப்பிடி போதும். புல்லிப் பக்கத்து முன் உறையில் கொடுத்து நெம்புங்கள். பின் உறை மெல்லிய அலுமினியம், விரிந்துவிடும். சில எஞ்சின்களில் நெம்பத் தேவையில்லாமல் திருகினால் நகரும் நீள போல்ட் இருக்கும்.

இறுக்கத்தை எப்படி அளப்பது? இரண்டு புல்லிகளுக்கு இடையே நீளமான பகுதியின் நடுவில், சுமார் 10 கிலோ விசையில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. உள்ளே போக வேண்டும் என்பது பல எஞ்சின்களுக்குப் பொருந்தும் அளவு. உங்கள் எஞ்சினின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. பத்துக் கிலோ எவ்வளவு என்று விரலுக்குத் தெரியாது. மீன் எடை போடும் கொக்கித் தராசைப் பெல்ட்டில் மாட்டி 10 கிலோ காட்டும்வரை இழுங்கள். புல்லிகளின் மேல் ஒரு குச்சியை நேராக வைத்து, பெல்ட் விலகிய தூரத்தை ஸ்கேலால் அளங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் விரல் பழகிவிடும்.

முதலில் மேல் போல்ட், பிறகு கீழ் போல்ட் என்று முடுக்கி, திரும்ப ஒருமுறை அளங்கள். முடுக்கும்போதே கொஞ்சம் நகர்ந்திருக்கும். புதுப் பெல்ட் என்றால் அரை மணி நேரம் ஓட்டியபின் ஒருமுறை, பத்து மணி நேர ஓட்டத்துக்குப்பின் ஒருமுறை பாருங்கள். புதிதை மாட்டும்போது ஸ்குரூ டிரைவரால் நெம்பிப் புல்லியின் மேல் ஏற்றக் கூடாது. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே நூல்கள் அறுந்திருக்கும். ஆல்டர்னேட்டரை முழுதாக உள்ளே தள்ளிவிட்டால் கையாலேயே மாட்டலாம்.

பட்டையான, நீளவாக்கில் கோடு கோடாக இருக்கும் பெல்ட்டும் அதை அழுத்தும் ஸ்பிரிங் டென்ஷனரும் உள்ள எஞ்சின்களில் இந்த வேலை எதுவும் இல்லை. அங்கே பெல்ட் தளர்ந்தால் பெல்ட்டோ டென்ஷனரோ தேய்ந்துவிட்டது என்று பொருள்.

கூடுதலாக இறுக்கினால் என்ன?

'கொஞ்சம் கூடவே இருக்கட்டும்' என்ற எண்ணம்தான் ஆல்டர்னேட்டர்களைக் கொல்கிறது. இரண்டு பக்க இழுவையும் சேர்ந்து பேரிங்கின் மேல் இறங்குகிறது. உருளும் குண்டுகள் வைத்த பேரிங்கில் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும். தண்ணீர் பம்பில் ஷாஃப்ட் ஒரு பக்கமாக இழுபட்டு சீல் தேயும். பம்பின் அடியிலிருக்கும் சிறு துளையில் நீர் கசிந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைப்பவர்களும் உண்டு. அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும்.

சோப்பு தேய்ப்பது, எண்ணெய் விடுவது இரண்டும் சத்தத்தை மறைத்து வழுக்கலைக் கூட்டும். பெல்ட்டுக்கு அடிக்கும் பிசுபிசு ஸ்பிரே கரை திரும்பும்வரை உதவலாம். பிறகு அதுவே தூசியைப் பிடித்து வைத்துப் பெல்ட்டைத் தேய்க்கும்.

தடைக்காலம் முடிந்ததும்

தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. எஞ்சின் நிற்கும் அந்த இரண்டு மாதத்தில், பெல்ட் தொடாமல் விட்ட பள்ளப் பகுதிகளில் துரு ஏறும். பெல்ட்டும் அதே வளைவில் கிடந்து இறுகிப்போகும். ஜூன் பாதியில் முதல் பயணத்திலேயே பெல்ட் பொடியாக உதிர்வதற்குக் காரணம் இதுதான். படகை ஏற்றும்போதே பெல்ட்டைக் கழற்றி எடுத்து நிழலில் தொங்கவிட்டு, பள்ளங்களைத் துடைத்துக் காயவைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இறக்குவதற்கு முன் பள்ளத்தை விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டினால் உப்புத்தாளை எடுங்கள்.

ஒவ்வொரு பெல்ட்டுக்கும் மாற்று ஒன்று படகில் இருக்க வேண்டும். வாங்கி வைத்தால் மட்டும் போதாது, கரையில் நிற்கும்போதே ஒருமுறை மாட்டி ஓட்டிப் பார்த்துக் கழற்றி வையுங்கள். அளவு தப்பு என்பது நடுக்கடலில் தெரியக் கூடாது. பெல்ட்டின் எண்ணையும், மாட்டத் தேவையான ஸ்பேனர்களின் அளவையும் எஞ்சின் அறைக் கதவின் உட்புறம் பெயின்ட்டால் எழுதி வையுங்கள். பெல்ட்டின் முதுகில் அச்சடித்த எண் ஓட ஓட அழிந்துவிடும்.